தெருவில்லாத கிறிஸ்துமஸ்

2020 டிசம்பருக்கெனத் தமிழக அரசு வகுத்த விதிகளில் ஒன்று, உள்ளரங்குகளில் நடக்கும் சமய, சமூகக் கூட்டங்களுக்கு அரங்கின் கொள்ளளவில் பாதிப்பேர், எப்படிப் பார்த்தாலும் 200 பேருக்கு மேல் கூடாது என்றது. கோவிட் கால ஆணைகளின் குவியலில் இது ஒரு சின்ன வரி. கோயம்புத்தூர்க் கிறிஸ்தவர்களை அந்த டிசம்பரில் அதைவிட அதிகமாகப் பாதித்தது வேறொன்று. நகரின் சபைகளில் பலவும் அவ்வாண்டு கேரல் ரவுண்ட்ஸ் போகவில்லை.

கேரல் ரவுண்ட்ஸ் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். டிசம்பர் நடுவில் தொடங்கும். இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு டெம்போ புறப்படும். அதில் கிடார், டிரம்ஸ், கழியில் கட்டிய ஒரு ஸ்டார், இருபது முப்பது வாலிபர்கள், நடுவே பஞ்சுத் தாடி ஒட்டிய கிறிஸ்துமஸ் தாத்தா. சிங்காநல்லூர், சவுரிபாளையம், பீளமேடு, குனியமுத்தூர், போத்தனூர் என்று சபைப் பட்டியலில் இருக்கிற வீடுகள் எங்கெல்லாம் சிதறிக் கிடக்கின்றனவோ அங்கெல்லாம் போவார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இரண்டு பாட்டு, ஒரு வசனம், ஒரு ஜெபம். பிறகு காபியும் கேக்கும், கவரில் காணிக்கையும். கடைசி வீட்டை எட்டுவதற்குள் கிழக்கு வெளுத்துவிடும். அந்த வீட்டுக்காரர் இட்லியோடு காத்திருப்பார். பாட்டு ஒரு வீட்டுக்குத்தான் என்றாலும் கேட்பது தெரு முழுக்க. பக்கத்து வீட்டுக் கவுண்டரம்மா கதவைத் திறந்து நிற்பார், எதிர் வீட்டு மாடியிலிருந்து பிள்ளைகள் தாத்தாவிடம் மிட்டாய்க்குக் கை நீட்டுவார்கள். “ஏனுங்க, இந்த வருசம் உங்காளுங்க பாட்டுப் பாட வரலீங்களா?” என்ற கேள்வி 2020இல் கிறிஸ்தவர் அல்லாத வீடுகளிலிருந்துதான் அதிகம் வந்திருக்கும்.

அக்காலத்துக் கிறிஸ்துமஸைப் பற்றி உலகெங்கும் எழுதப்பட்டவற்றில் ஒரே தொனி கேட்கும். சந்தை ஓய்ந்தது, குடும்பம் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தது, கடையில் வாங்கிய அலங்காரம் போய்க் கையால் செய்தது வந்தது, பண்டிகை தன் பழைய எளிமைக்குத் திரும்பியது என்பது அதன் சாரம். இங்கிலாந்துக்கோ அமெரிக்காவுக்கோ இது பாதியாவது பொருந்தலாம். கொங்கு நாட்டுக்குப் பொருந்தவில்லை. இங்கே திரும்பிப் போவதற்கு அப்படியொரு பழைய வீட்டுக் கிறிஸ்துமஸ் இருந்ததே கிடையாது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். நம் பண்டிகை தெருவுக்கும் கோவிலுக்கும் உரியதாகவே வளர்ந்தது. அதன் கைவேலையும் வீட்டு வேலையாக இருந்ததில்லை. சபையின் வேலையாகவோ கூலி வேலையாகவோதான் இருந்தது. 2020இல்தான் அது முதன்முறையாக வீட்டுக்குள் வந்தது.

அமைதியான குடும்பக் கிறிஸ்துமஸ் என்ற வடிவத்துக்கே வயது அதிகமில்லை. இங்கிலாந்தின் பியூரிட்டன்கள் ஆதிக்கம் செலுத்திய நாடாளுமன்றம் 1647இல் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தையே ஒழித்துச் சட்டம் இயற்றியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை அந்நாளைக் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். அவர்கள் வெறுத்தது பெரும்பாலும் தெருவைத்தான்: குடித்துவிட்டுக் கூட்டமாக வீடு வீடாகப் போய்ப் பாடுவதும் காசு கேட்பதும் அன்றைய ஐரோப்பியக் கிறிஸ்துமஸின் முகமாக இருந்தன. அதைத் தெருவிலிருந்து கூடத்துக்குள் இழுத்து வந்தது 19ஆம் நூற்றாண்டின் நடுத்தர வர்க்கம். ஹென்றி கோல் முதல் வாழ்த்து அட்டையை அச்சிட்டது 1843இல். டிக்கன்ஸின் புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் கதை வந்ததும் அதே ஆண்டில்தான். விக்டோரியா அரசியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படத்தை லண்டன் பத்திரிகை ஒன்று 1848இல் வெளியிட்டது. தாயும் பிள்ளைகளும் காகிதச் சங்கிலி ஒட்டும் காட்சி, பின்னப்பட்ட காலுறை, கணப்பு அடுப்பு எல்லாம் அந்தக் கூடத்தின் சாமான்கள்.

கொங்கு நாட்டுக்குக் கிறிஸ்தவம் வந்த வழிகள் இந்தக் கூடத்தைக் கடந்து வரவில்லை. கருமத்தம்பட்டியின் செபமாலை மாதா கோவில் 17ஆம் நூற்றாண்டு இயேசு சபைத் துறவிகளின் பணியோடு சேர்ந்தது. அங்கே பண்டிகை என்றால் கொடியேற்றம், தேர், அன்னதானம். அடுத்து பிரெஞ்சுக் குருக்கள் வந்தார்கள். கோவைக்கு 1850இல் நியமிக்கப்பட்ட முதல் அப்போஸ்தலிக்கப் பிரதிநிதி மெல்கியோர் த மரியோன் பிரெஸ்ஸியாக். இவர் இங்கே பொறுப்பைத் துறந்து ஆப்பிரிக்கா போய் 1859இல் ஃப்ரீடவுனில் மஞ்சள் காய்ச்சலுக்குப் பலியானார் என்பதை ஒரு கொள்ளைநோய்க் காலத்தில் நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. சீர்திருத்த சபையின் தரப்பில் 1830இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் பான் அடிஸ் கோவைக்கு வந்தார். லண்டன் மிஷனில் பெரும்பான்மையோர் காங்கிரிகேஷனல் மரபினர். அதாவது மேலே சொன்ன பியூரிட்டன்களின் ஆவிக்குரிய பேரப்பிள்ளைகள். கிறிஸ்துமஸைப் பெரிதாகக் கொண்டாடும் பழக்கத்தை அவர்கள் மரபு கையோடு கொண்டுவரவில்லை. அதைத் தமிழ்ச் சபைகள் மார்கழியிலிருந்து எடுத்துக்கொண்டன.

டிசம்பர் 25 எப்போதும் மார்கழி பத்தையொட்டி வரும். விடியுமுன் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடும் மாதம்; தெருவில் பஜனை போகும் மாதம். தமிழ்ச் சீர்திருத்த சபைகள் கீர்த்தனை பாடித் தெருவைச் சுற்றி வருவதற்கும் பஜனை என்றே பெயர் வைத்தன. ஈரோட்டில் பணியாற்றிய ஹெர்பர்ட் பாப்லி தென்னிந்திய இசையை முறையாகக் கற்று 1921இல் இந்திய இசையைப் பற்றி ஆங்கில நூலே எழுதியவர். கதாகாலட்சேப பாணியில் ஊர் ஊராகப் பாடி நற்செய்தி சொல்லும் முறையை வளர்த்தார். அதே ஈரோட்டில் ஆஸ்திரேலியரான ஏ. டபிள்யூ. பிரஃப் கட்டிய கோவில் 1930களில் எழுந்தது. இன்றும் அந்தச் சாலையை மக்கள் அவர் பெயரால்தான் சொல்கிறார்கள். 1950இல் தென்னிந்தியத் திருச்சபையின் கோவைப் பேராயத்துக்கு முதல் பேராயராக வந்த ஏ. ஜே. அப்பாசாமி, கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகப் பார்த்து 1927லேயே நூல் எழுதியவர். இவர்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இந்த வட்டாரத்துச் சபையின் பண்டிகை எங்கே நின்றது என்பது விளங்கும். அது வாசலுக்கு வெளியே நின்றது.

கைவேலைக்கு வருவோம். பண்டிகைக்காகக் கையால் செய்யப்படும் பொருள்களில் முதன்மையானது ஸ்டார்தான். இப்போது எல்.இ.டி. பதித்த பிளாஸ்டிக் ஸ்டார்கள் பெரிய கடைவீதியிலும் ஒப்பணக்கார வீதியிலும் நவம்பர் கடைசியிலேயே தொங்கத் தொடங்கிவிடுகின்றன. கையால் கட்டும் ஸ்டார் வேறு இனம். அதற்கு மூங்கில் பிளாச்சு வேண்டும். ஒரே நீளத்தில் பத்துச் சிம்புகள். ஐந்து சிம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகவும் ஒன்றன்கீழ் ஒன்றாகவும் பின்னி ஒரு ஐந்துமுனைச் சட்டம், மிச்ச ஐந்தில் இன்னொன்று. இரண்டடிச் சிம்பு என்றால் முனையிலிருந்து ஏறக்குறைய ஒன்பது அங்குலம் தள்ளி ஒரு வெட்டுப்புள்ளி, மறுமுனையிலிருந்தும் அதே அளவில் ஒன்று. இந்த விகிதம் கணிதத்தில் பேர்போனது. பிளாச்சு கட்டுகிறவர்களுக்கு அது கண்ணளவு. இரண்டு சட்டங்களையும் ஐந்து முனைகளில் மட்டும் நூலால் கட்டிவிட்டு, உள்மூலைகள் ஐந்திலும் இடையே விரலளவுக் குச்சிகளை நெம்பிக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் மூங்கில் வளைந்து ஸ்டார் வயிறு தள்ளி நிற்கும். குச்சி நீளம் கூடினால் முனைக்கட்டு தெறிக்கும், குறைந்தால் தட்டையாகிவிடும்.

அதன்மேல் ஒட்டுகிற தாளுக்குப் பசை கடையில் வாங்குவதில்லை. மைதாவைக் கரைத்துக் காய்ச்சி, ஆறுவதற்குள் ஒரு சிட்டிகை மயில்துத்தத்தைப் பொடித்துப் போடுவார்கள். பூச்சி அரிக்காது, பூஞ்சையும் பிடிக்காது. துத்தம் விஷம் என்பதால் பசைச் சட்டியைச் சமையலறையில் வைக்க விடமாட்டார்கள். பிள்ளைகள் கையை வாயில் வைத்தால் அடி விழும். தாளை ஒட்டியதும் நிழலில் காயவைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் விறைத்துக் கிழியும். பின்பக்கம் ஒரு முக்கோணத்தை ஒட்டாமல் விட்டுவிடுவது பல்பு நுழைக்க; மேலே ஒரு சிறு துளை, சூடு வெளியேற.

இந்த வேலையை யார், எங்கே செய்தார்கள் என்பதுதான் முக்கியம். ஆலய வளாகத்தில், வாலிபர் சங்க அறையில், பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்ந்து செய்தார்கள். கோபுரத்துக்கு ஆளுயர ஸ்டார், வாசலுக்கு இரண்டு, ரவுண்ட்ஸுக்குக் கழியில் கட்ட ஒன்று. கத்தோலிக்கப் பங்குகளில் குடில் போடுவதும் இதே மாதிரிதான். அசிசியின் பிரான்சிஸ் 1223இல் கிரெச்சோவில் தொடங்கிவைத்த வழக்கம் இங்கே வைக்கோல், தென்னங்கீற்று, கொட்டாங்குச்சியில் முளைக்கவைத்த ராகி நாற்று என்று ஊர்ப் பொருளுக்கு மாறியது. மாரியம்மன் நோன்புக்கு முளைப்பாரி போட்டுப் பழகிய மண்ணில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பங்குகளுக்குள் குடில் போட்டி நடக்கும்; பங்கின் சிறு குழுவான அன்பியம் ஒவ்வொன்றும் ஒன்று போடும். வீட்டில் குடில் வைக்கிறவர்களும் உண்டு. ஆனால் திறமையைக் காட்டும் இடம் கோவில்தான். கைவேலைக்கு ஒரு பார்வையாளர் கூட்டம் வேண்டும். அந்தக் கூட்டம் ஊராக இருந்தது.

2020 டிசம்பரில் ஊர் வரமுடியாது என்றான பிறகு, இந்த வேலைகள் ஆயிரம் துண்டுகளாக வீடுகளுக்குள் பிரிந்துபோயின. வாலிபர் சங்கத்தில் ஒருகாலத்தில் ஸ்டார் கட்டிய அப்பா, பள்ளி மூடியதால் மார்ச்சிலிருந்து வீட்டிலேயே கிடக்கும் மகனுக்குப் பிளாச்சு சீவக் கற்றுக்கொடுத்தார். மூங்கில் கிடைக்காத வீடுகளில் தென்னை ஈர்க்கு. கலர்த் தாள் தீர்ந்த வீடுகளில் பழைய கல்யாணப் பத்திரிகை, காலண்டர் அட்டை. ஞாயிறு பள்ளி ஆசிரியைகள் செய்முறையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். பிள்ளைகள் செய்ததைப் படமெடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். போன் திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்த அந்த ஸ்டார்கள்தான் அவ்வாண்டின் ஊர்.

இவ்வளவு கைத்திறன் திடீரென்று எங்கிருந்து வந்தது? தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் ஊசி வேலை பழையது. நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1820களின் தொடக்கத்தில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை நடப்பிலிருந்த காலம் அது. லேஸ் விற்ற கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கிய பெண்கள் உண்டு. அவருடைய மகள் எலைசா 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது லேஸும் கூடப் போனது. கோவையின் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் கணிசமானவர்கள் நெல்லை, குமரி மாவட்டங்களிலிருந்து வியாபாரத்துக்கும் வேலைக்கும் வந்த குடும்பங்கள். பாட்டியின் லேஸ் தலையணையுறை அந்த வீட்டு அலமாரிகளில் இருக்கிறது. அது பொழுதுபோக்காகப் பின்னியது என்று பேத்தி நினைக்கக்கூடும். அது கூலிக்குப் பின்னியது.

கொங்கு நாட்டில் கைவேலைக்கு இன்னொரு பள்ளிக்கூடமும் உண்டு, அது காந்தியுடையது. தி. சு. அவினாசிலிங்கம் 1930இல் தொடங்கிய இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் பெரியநாயக்கன்பாளையத்தில் ஆதாரக் கல்வியின் கோட்டையாக வளர்ந்தது. அவர் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோது தக்ளியும் ராட்டையும் வகுப்பறைக்குள் வந்தன. 1957இல் அவர் பெண்களுக்குத் தொடங்கிய மனையியல் கல்லூரி, வீட்டு வேலையையே ஒரு படிப்பாக்கியது. கோவையில் அம்பது அறுபது வயதுப் பெண்கள் பலரிடம் ஒரு தையல் நோட்டு இருக்கும்: சங்கிலித் தையல், ஹெம்மிங், காஜா, ஒவ்வொன்றுக்கும் ஒரு சதுரத் துணி ஒட்டி, கீழே ஆசிரியையின் கையெழுத்து. ஊரடங்கில் அந்த நோட்டுகள் பரணிலிருந்து இறங்கின.

ஆனால் கைத்தொழிலைப் புகழும்போது தமிழ்நாட்டில் ஒரு கேள்வி பின்னாலேயே வரும். வர வேண்டும். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் குடும்பத் தொழிலிலும் இருக்க வேண்டும் என்றது; அது குலக்கல்வி என்ற பெயரை வாங்கி, பெரும் எதிர்ப்பில் 1954இல் காமராஜரால் கைவிடப்பட்டது. கூடை முடைகிறவர் பிள்ளை கூடைதான் முடைய வேண்டுமா என்பது அன்றைய கேள்வி. ஊரடங்கில் மேல்தட்டு வீடுகள் மூங்கிலும் களிமண்ணும் தொட்டு மகிழ்ந்தபோது, மூங்கில் பிளந்து கூடையும் தட்டும் முடைந்து பிழைப்பவர்கள் சந்தைகள் மூடியதால் வருமானமின்றி இருந்தார்கள். ஸ்டாருக்குப் பிளாச்சு சீவித் தருவதும் பல இடங்களில் அவர்கள்தான். கையால் செய்வதன் இன்பம் என்று பேசுகிறவர்கள் யாருடைய கை என்று சொல்லிவிட்டுப் பேசினால் நல்லது.

இந்தக் கேள்வியின் பெரிய வடிவம் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் தள்ளித் திருப்பூரில் இருக்கிறது. உலகத்தின் கிறிஸ்துமஸ் துணியில் ஒரு பங்கு இங்கே தைக்கப்படுகிறது. கலைமான் படம் போட்ட பிள்ளைகள் சட்டை, குடும்பத்தார் எல்லோரும் ஒரே மாதிரி போட்டுக்கொள்ளும் சிவப்புப் பைஜாமா. கரூரிலிருந்து சிவப்பும் பச்சையும் கலந்த மேசை விரிப்பு, கைதுடைக்கும் துண்டு. இவை வைகாசி ஆனியிலேயே நறுக்கப்பட்டு, ஆவணிக்குள் கப்பலேறிவிட வேண்டும். டிசம்பரில் திருப்பூர் பவர் டேபிள்களில் ஓடுவது அடுத்த கோடைக்கான பருத்திச் சட்டை. மேலைநாட்டுக் குடும்பம் கூடத்தில் உட்கார்ந்து கொண்டாடும் அந்த அமைதியான பண்டிகையை இங்கே ஓவர்லாக், பேட்லாக் தையல் எந்திரங்கள் இரைச்சலோடு பல மாதம் முன்பே முடித்துவிடுகின்றன.

2020 மார்ச், ஏப்ரலில் மேலைநாட்டுக் கடைகள் மூடியதும் ஆர்டர்கள் ரத்தாயின, நிறுத்திவைக்கப்பட்டன. மே மாதம் வெளிமாநிலத் தொழிலாளர்கள் சிறப்பு ரயில்களில் ஊர் திரும்பினார்கள். திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 2019–20இல் ஏறக்குறைய 27,000 கோடி ரூபாய். அடுத்த ஆண்டு 25,000 கோடிக்குச் சற்றுக் கீழே இறங்கியது. இவ்வளவுதான் இறங்கியதா என்று கேட்கத் தோன்றும். காரணம், ஆண்டின் பிற்பாதியில் ஆர்டர் திரும்பி வந்தது. வீட்டிலேயே அடைந்து கிடந்த ஐரோப்பாவும் அமெரிக்காவும் கோட்டு சூட்டை விட்டுவிட்டு இரவு உடையும் டி-ஷர்ட்டும் வாங்கின. அங்கே வீட்டுக்குள் அடைந்த பண்டிகை இங்கே கட்டிங் டேபிளில் வேலையாக மாறியது. இந்தப் பொருளாதாரத்தின் கடைசிக் கண்ணியில் இருக்கும் பெண்கள் வீட்டிலிருந்தே பிசிறு வெட்டுபவர்கள். ஒரு பீஸுக்கு இத்தனை காசு என்று கணக்கு. வீட்டில் உட்கார்ந்து கையால் செய்யும் வேலைதான் இதுவும். இதைக் கைவினை என்று யாரும் படமெடுத்துப் போடுவதில்லை.

இடைப்பட்ட மாதங்களில் இதே கைகள் முகக்கவசம் தைத்தன. பாதுகாப்புக் கவச உடை தைப்பதற்கு நாடு முழுக்க ஆலைகள் முண்டியடித்தபோது, அத்துணி இரத்தத்தை உள்ளே விடாமல் தடுக்கிறதா என்று செயற்கை இரத்தத்தைப் பாய்ச்சிச் சோதித்துச் சான்று தரும் பணியை முதலில் ஏற்றது கோவையின் சிட்ரா, 1956இல் ஆலைகள் சேர்ந்து தொடங்கிய ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம். மகளிர் சுய உதவிக் குழுக்கள் துணிக் கவசம் தைத்தன, ரேஷன் கடைகளில் அரசு இலவசமாகக் கொடுத்தது. பனியன் கட்டிங் வேஸ்ட் கொங்கு வீடுகளுக்குப் புதிதல்ல. வளையம் வளையமாகக் கோத்துக் கால்மிதி பின்னுவதும், அழுக்குத் துடைக்கவும் வண்டி துடைக்கவும் கிலோ கணக்கில் வாங்குவதும் வழக்கம். அதிலிருந்து ஏப்ரலில் கவசம் வந்தது; டிசம்பரில் அதே மிச்சத்திலிருந்து குடிலுக்கு ஆட்டுக்குட்டியும் மரத்துக்குத் தொங்கல் பொம்மையும் வந்தன. சிவப்பு பனியன் துணி எந்த வீட்டுப் பையிலும் கிடைக்கும் ஊரில் தாத்தாவுக்குத் தொப்பி தைக்கக் கஷ்டமா?

கோவையின் கிறிஸ்துமஸுக்கு இன்னொரு தன்மை உண்டு. பண்டிகைக்கு ஊர் காலியாகும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்கள் 6.12 விழுக்காடு. கொங்கு மாவட்டங்களில் கோவை, நீலகிரி நீங்கலாக இந்த விகிதம் மிகக் குறைவு. இங்குள்ளவர்களிலும் பலருக்குச் சொந்த ஊர் தெற்கே அல்லது பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப்புறம். டிசம்பர் 22, 23 தேதிகளில் நாகர்கோவில் வண்டியில் கால் வைக்க இடமிருக்காது. 2020இல் முன்பதிவு செய்த சிறப்பு ரயில்கள் மட்டுமே ஓடின. வீட்டில் எழுபது தாண்டியவர்கள் இருந்தால் போவதா வேண்டாமா என்ற கணக்கு வேறு. லண்டனிலிருந்து பிள்ளைகள் வர நினைத்திருந்த வீடுகளும் உண்டு; உருமாறிய வைரஸைக் காரணம் காட்டி டிசம்பர் 22 நள்ளிரவோடு பிரிட்டன் விமானங்களை அரசு நிறுத்தியது. கோவையில் அவ்வளவு வீடுகளில் ஒரே சமயத்தில் கிறிஸ்துமஸ் சமைத்தது அந்த வருசம்தான் என்று நினைக்கிறேன்.

சமைத்ததும் கைவேலைதான். போத்தனூரைச் சொல்ல வேண்டும். சென்னை–பேப்பூர் ரயில் பாதை 1862இல் முழுமையானபோது வளர்ந்த ரயில்வே ஊர் அது. ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களின் பழைய குடியிருப்பு. சட்டமன்றத்திலும் மக்களவையிலும் அவர்களுக்கிருந்த நியமன இடங்களுக்கான ஏற்பாடு 2020 ஜனவரியோடு முடிந்துபோனது என்பது அந்த ஆண்டின் பெரிய செய்திகளுக்கிடையே அமுங்கிவிட்டது. அவர்களுடைய கிறிஸ்துமஸ் பலகாரம் குல்குல். மைதாவும் ரவையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துப் பிசைந்த மாவில் கோலிக்குண்டளவு கிள்ளி, முள்கரண்டியின் முதுகிலோ புதுச் சீப்பிலோ வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி உருட்டினால் சங்குபோல் சுருண்டு வரும். எண்ணெயில் பொரித்துச் சர்க்கரைப் பாகில் புரட்ட வேண்டும். ஒருத்தரால் முடிகிற வேலையில்லை. அக்கம்பக்கத்துப் பெண்களும் பிள்ளைகளும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து இரண்டு நாள் உருட்டுவார்கள். 2020இல் அந்த மேசைக்கு அக்கம்பக்கம் வரவில்லை. படி கணக்கில் செய்தவர்கள் கால் கிலோ மாவோடு நிறுத்திக்கொண்டார்கள். தட்டு மூடி எடுத்துக்கொண்டு பத்து வீட்டுக்குப் போவதுதானே அந்தப் பலகாரத்தின் வேலை.

கொள்ளைநோய்க் காலத்தில் கையால் ஒன்றைச் செய்துவைப்பது கோவைக்கு இதற்கு முன்பும் பழக்கமானது. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் பலமுறை நகரைக் காலி செய்தது. பிளேக் மாரியம்மன் கோவில்கள் இன்றும் நகருக்குள் இருக்கின்றன. 2021 மே மாதம் இருகூர் காமாட்சிபுரி ஆதீனத்தில் ஒன்றரை அடிக் கருங்கல்லில் கொரோனா தேவி வைக்கப்பட்டாள். நகைத்தவர்கள் பலர். எனக்கு அதில் நகைப்பு வரவில்லை. முந்தைய ஆண்டு நாம் எல்லோருமே கையால் ஏதோ ஒன்றைச் செய்துவைத்தவர்கள்தான். 2020 ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு. கோவில்கள் பூட்டிக் கிடக்க, கிறிஸ்தவர்கள் வீட்டுத் தென்னையில் குருத்து வெட்டிச் சிலுவை மடித்துக் கதவில் செருகினார்கள். அன்றிரவு ஒன்பது மணிக்குப் பிரதமர் சொன்னபடி ஊரே வாசலில் விளக்கேற்றியது. ஒரே கதவில் இரண்டும் இருந்தன. தமிழ்நாட்டில் வழிபாட்டுத் தலங்கள் முழுமையாகத் திறந்தது செப்டம்பர் 1ஆம் தேதிதான்.

2021 மே கடைசி வாரத்தில் தினசரித் தொற்றில் கோவை சென்னையை முந்தியது. நாளொன்றுக்கு 4,000க்கு மேல். முதலமைச்சர் கவச உடை அணிந்து இ.எஸ்.ஐ. மருத்துவமனை வார்டுக்குள் போனது அந்த மாதம் 30ஆம் தேதி. அவ்வாண்டு டிசம்பரில் விதிகள் தளர்ந்திருந்தன, ஒமைக்ரான் கால இரவு ஊரடங்கு 2022 ஜனவரி 6இல்தான் வந்தது. பல சபைகளில் ரவுண்ட்ஸ் டெம்போ மறுபடி கிளம்பியது. பட்டியலைக் கையில் வைத்திருந்த செயலாளர்கள் சில வீடுகளுக்கு நேரே குறி போட வேண்டியிருந்தது. சாவு விழுந்த வீட்டில் அந்த வருசம் பண்டிகை கிடையாது என்பது இங்கே எல்லாச் சமயத்துக்கும் பொது. ஸ்டார் கட்டமாட்டார்கள், எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள், புதுத்துணி எடுக்கமாட்டார்கள். பலகாரம் உறவு வீட்டிலிருந்து வரும். ரவுண்ட்ஸ் போகிறவர்கள் டிரம்ஸை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கி, ஒரு பாட்டும் ஜெபமும் முடித்துத் திரும்புவார்கள். இப்படி அமைதியாக இருப்பதற்கு நம்மிடம் விதிகள் உண்டு. எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, எத்தனை மாதம் என்பது வரை. 2020இன் அமைதிக்கு அப்படி எந்த வழக்கமும் இருக்கவில்லை. யாரும் சாகாத வீட்டில், பாடவும் யாரும் வராமல் ஒரு கிறிஸ்துமஸைக் கழிப்பது எப்படி என்று சொல்லித்தரப் பாட்டிகளுக்கும் தெரியவில்லை. அந்த இடைவெளியில்தான் பிளாச்சும் பசையும் பனியன் துணியும் வந்து உட்கார்ந்தன.